காரத்தை விட்ட பிறகும் அல்சர் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

கேள்வி கேட்டவர் சொல்வது இதுதான்: வயது 34. இரண்டு வருடமாக நெஞ்சுக்குழியில் எரிச்சல், வலி. காரம், புளி இரண்டையும் அடியோடு விட்டாயிற்று. காலையில் மாத்திரை போட்டால் ஒன்றும் தெரிவதில்லை, நிறுத்தினால் இரண்டே நாளில் திரும்பி வந்துவிடுகிறது. இதற்கு முடிவே கிடையாதா?

நான் டாக்டர் இல்லை, மருந்துக் கடையில் பார்மசிஸ்ட். இதே புலம்பலைத் தினமும் கேட்கிறவன் என்பதால் எழுதுகிறேன்.

உங்களுக்கு இருப்பது அல்சர்தான் என்று யார் சொன்னது? எண்டோஸ்கோபியில் பார்த்துச் சொன்னார்களா, நீங்களாகவே முடிவு செய்ததா? எங்கள் கடைக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் இரண்டாவது ரகம். வயிற்றின் மேல்பகுதியில் எது எரிந்தாலும் அல்சர், எது உப்பினாலும் கேஸ். ஆனால் வலி எப்போது வருகிறது என்பதிலேயே பாதித் துப்பு இருக்கிறது. சாப்பிட்டுப் படுத்ததும் நெஞ்சுக்குள் எரிந்து தொண்டை வரை புளித்த நீர் ஏறினால், அது பெரும்பாலும் இரைப்பை அமிலம் உணவுக்குழாய்க்குள் திரும்புவது. வெறும் வயிற்றிலோ நடு ராத்திரியிலோ வலி எழுப்பிவிட்டு, இரண்டு பிஸ்கட் சாப்பிட்டதும் அடங்கினால் முன்சிறுகுடலில் புண் இருக்கலாம். எண்ணெய்ப் பலகாரமோ பிரியாணியோ சாப்பிட்ட பிறகு வலது விலா எலும்புக்குக் கீழே பிடித்து முதுகுப் பக்கம் போனால் பித்தப்பைக் கல்லையும் சந்தேகப்பட வேண்டும். இதெல்லாம் ஊகம்தான், உறுதி செய்ய டெஸ்ட் வேண்டும்.

சரி, காரத்துக்கு வருவோம். மிளகாய் புண்ணை உண்டாக்குவதில்லை. சூட்டை உணரும் அதே நரம்புகளை அது தூண்டிவிடுகிறது, அதனால் எரிகிறது. ஏற்கெனவே தொந்தரவு இருப்பவர்களுக்கு எரிச்சலைக் கூட்டும் என்பது உண்மை. ஆனால் காரத்தை விட்டதால் புண் ஆறும் என்று காத்திருப்பது வீண். பாலும் அப்படித்தான். குடித்ததும் இதமாக இருக்கும், சற்று நேரத்தில் அதுவே அமிலத்தைச் சுரக்க வைக்கும்.

அப்படியானால் புண் எதனால் வருகிறது? பெரும்பாலும் இரண்டு காரணங்கள். ஒன்று, எச். பைலோரி என்கிற கிருமி. வயிற்று அமிலத்தில் எந்தக் கிருமியும் பிழைக்காது என்று நம்பிக்கொண்டிருந்த காலத்தில், ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பேரி மார்ஷல் என்ற இரண்டு டாக்டர்கள் இதைப் பிடித்தார்கள். யாரும் நம்பவில்லை. 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமி வளர்த்த திரவத்தைத் தானே குடித்துவிட்டார்! சில நாட்களில் வாந்தி, வாய் நாற்றம். எண்டோஸ்கோபியில் பார்த்தால் இரைப்பை அழற்சி. 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இந்தக் கிருமி யூரியாவை உடைத்து அம்மோனியா உண்டாக்கி, தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தை முறித்துக்கொண்டு பிழைக்கிறது. நம் நாட்டில் பெரியவர்களில் பாதிப் பேருக்கு மேல் இது உண்டு, அதில் பலருக்கு ஆயுசுக்கும் எந்தத் தொந்தரவும் வராது. தொந்தரவு வந்தவர்களுக்கு வெறும் அமில மாத்திரை போதாது. புண் ஆறும், ஆனால் கிருமி அங்கேயே இருக்கும். மாத்திரையை நிறுத்தினால் மறுபடி புண்.

இரண்டாவது, வலி மாத்திரை. ஒரு அம்மா வருவார், "தம்பி, முட்டி வலிக்குப் போன தடவை குடுத்தியே அதையே குடு, கூடவே அல்சருக்கு ஒண்ணு குடுப்பா." அவருக்கு அல்சர் மாத்திரை தேவைப்படுவதே அந்த முட்டி வலி மாத்திரையால் இருக்கலாம் என்றால் என்னை ஏற இறங்கப் பார்ப்பார். டைக்ளோபெனாக், ஐபுப்ரோபென், ஆஸ்பிரின் எல்லாமே இரைப்பையின் உள்சுவருக்குக் காவலாக இருக்கும் படலத்தைப் பலவீனப்படுத்துபவை. நீங்கள் தலைவலிக்கோ இடுப்பு வலிக்கோ எதையாவது அடிக்கடி போடுகிறீர்களா என்று யோசித்துப் பாருங்கள். இதயத்துக்காக டாக்டர் எழுதிய ஆஸ்பிரினை மட்டும் நீங்களாக நிறுத்தக் கூடாது.

இன்னொரு விஷயம். பான்டப்ரசோல், ஒமிப்ரசோல் வகை அமில மாத்திரையை மாதக்கணக்கில் போட்டுவிட்டுத் திடீரென நிறுத்தினால், அடக்கி வைத்த அமிலம் கொஞ்ச நாள் கூடுதலாகச் சுரக்கும். எரிச்சல் திரும்பியதாலேயே புண் திரும்பியது என்று அர்த்தம் இல்லை. அதனால்தான் டாக்டர்கள் பலர் அளவைப் படிப்படியாகக் குறைக்கச் சொல்கிறார்கள். வருடக்கணக்கில் போட்டால் பி12 குறையவும் வாய்ப்புண்டு. போடுகிற வரைக்கும் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போடுங்கள். டிபன் முடித்துவிட்டு ஏப்பத்தோடு போடுகிறவர்களுக்குப் பலன் குறைவு.

நீங்கள் செய்ய வேண்டியது, குடல் இரைப்பை டாக்டரைப் பார்த்து எச். பைலோரி டெஸ்ட் கேட்பது. மூச்சை ஊதியும் பார்க்கலாம், மலத்திலும் பார்க்கலாம். எண்டோஸ்கோபியில் துளி சதை எடுத்து ஒரு மஞ்சள் ஜெல்லில் வைப்பார்கள், கிருமி இருந்தால் அது இளஞ்சிவப்பாக மாறும். தொண்டையில் மரத்துப்போகிற மருந்தை அடித்துவிட்டுக் குழாயை விடுவார்கள், பெரும்பாலும் பத்து நிமிட வேலை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் எடுக்கிறார்கள். டெஸ்டுக்கு இரண்டு வாரம் முன்பே இந்த அமில மாத்திரையை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று காட்டலாம். டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

மலம் தார் போலக் கறுத்துப் போனாலோ, ரத்த வாந்தி வந்தாலோ அதற்கெல்லாம் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும், அது வேறு. எடை குறைந்தாலோ, விழுங்கும்போது சிக்கினாலோ தாமதிக்காமல் டாக்டரைப் பாருங்கள். நெஞ்சில் அழுத்தத்தோடு வியர்த்துக் கொட்டினால் கேஸ் என்று சோடா குடித்துக்கொண்டிருக்காமல் ஈசிஜி எடுக்க ஓட வேண்டும்.

கிருமி இருந்தால் மூன்று நான்கு மருந்துகள் சேர்த்து, வழக்கமாக 14 நாள் தருவார்கள். வாய் கசக்கும், வயிறு கலங்கும், நான்காம் நாளே நிறுத்தத் தோன்றும். பாதியில் விட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும். முடித்து நான்கு வாரம் கழித்து, கிருமி போய்விட்டதா என்று இன்னொரு முறை டெஸ்ட் எடுத்துப் பாருங்கள், பலரும் விட்டுவிடுவது இதைத்தான்.