ஒரே யானைக் கூட்டத்தை ஐம்பது வருடம் பின்தொடர வேண்டுமா? இரண்டு மூன்று வருடம் போதாதா?

எலி, முயல் என்றால் ஒருவேளை போதும். யானை கர்ப்பமாக இருப்பதே 22 மாதம். நான்கைந்து வருடத்துக்கு ஒரு குட்டி, ஆயுள் அறுபதைத் தாண்டும். மூன்று வருடத்தில் என்னத்தைப் பார்ப்பது?

கென்யாவின் அம்போசெலி தேசியப் பூங்காவில் யானை ஆய்வாளர் சிந்தியா மாஸ் 1972-இல் தொடங்கிய ஆய்வு இன்றும் நடக்கிறது. காது ஓரத்துக் கிழிசல், ஓட்டை, நரம்புக் கோடுகளை வைத்து ஒவ்வொரு யானையையும் தனியாக அடையாளம் வைத்திருக்கிறார்கள். யார் மகள், யார் பேத்தி என்று ஒரு வம்சாவளியே கையில் இருக்கிறது.

இந்தப் பதிவேடு இருந்ததால்தான் கேரன் மெக்கோம்ப் குழுவினர் 2001-இல் வெளியிட்ட ஆய்வு சாத்தியமானது. யானைகளின் குரலைப் பதிவுசெய்து ஒலிபெருக்கியில் போட்டுக் காட்டினார்கள். வயதான தலைவி (குடும்பத்தை வழிநடத்தும் பெண் யானை) உள்ள குடும்பம், பழகிய குரல் எது, அந்நியக் குரல் எது என்று சரியாகப் பிரித்தறிந்தது. இளம் தலைவி உள்ள குடும்பங்கள் தேவையில்லாமல் பதறின. வயதான தலைவியின் குடும்பத்தில் குட்டிகளும் அதிகம். அப்புறம் 2011-இல் சிங்க கர்ஜனையை வைத்தும் சோதித்தார்கள். அதிக ஆபத்தான ஆண் சிங்கத்தின் குரலுக்குச் சட்டென்று உஷாரானவை, அறுபது தாண்டிய தலைவிகளின் குடும்பங்கள்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், கருவி என்று பார்த்தால் ஒலிபெருக்கி மட்டும்தான். தலைவிக்கு என்ன வயது, அவள் யார் யாரோடு பழகியவள் என்ற தகவலைத்தான் எந்தக் கடையிலும் வாங்க முடியாது.