‘இந்தியர் வேண்டாம்’ என்கிறார்களாமே?

கேள்வி: சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று. அங்கே இந்தியர் என்றால் வாடகை வீடு தர மறுக்கிறார்களாம். என் தம்பி புலம்புகிறான். நிஜமா?
– வாசகி, ஈரோடு

பதில்: நிஜம்தான். சிங்கப்பூரின் தெம்பனிஸ் பகுதியில் நான் அறை தேடியபோது, தரகர் வேலை, சம்பளம் எதையும் விசாரிக்கவில்லை. “சமைப்பீங்களா?” என்பதுதான் முதல் கேள்வி. ரசம்கூட வைக்கமாட்டேன் என்று சொல்லிப் பார்த்தேன். “ஓனர் யோசிக்கிறார்” என்று போனை வைத்துவிட்டார். ஓனர் இன்னமும் யோசித்துக்கொண்டிருக்கிறார் போல! (நம் ஊரில் ‘சைவம் மட்டும்’ போர்டு பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.)

வேடிக்கை என்னவென்றால், அதே நாட்டில் எல்லா இனமும் கலந்து வாழ வேண்டும் என்று 1989லேயே அரசு அடுக்குமாடிகளுக்கு இன ஒதுக்கீடு கொண்டுவந்துவிட்டார்கள். இந்தியரும், சீனர், மலாய்க்காரர் அல்லாத பிற இனத்தவரும் சேர்ந்து ஒரு புளோக்கில் 15 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. நல்ல எண்ணம்தான். ஆனால் சீனருக்கும் இப்படி ஒரு வரம்பு உண்டு; அது நிரம்பிய புளோக்கில் இருக்கும் இந்தியர், தன் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது. வாங்க ஆள் குறைகிறது, விலையும் இறங்குகிறது.

இந்த ஒதுக்கீடு வாங்குவதற்கும் விற்பதற்கும்தான். வாடகைக்கு எந்த இனத்தவரை வைப்பது என்பது உரிமையாளர் இஷ்டம். வேலையில் இனப் பாகுபாட்டைத் தடுக்க 2025ல் சட்டம் நிறைவேற்றினார்கள். அதிலும் வாடகை வீடு வராது.

தம்பியை, வீடு பார்க்கப் போகும் முன்பே தரகரிடம் “இந்தியர்னா ஓனருக்குச் சரியா?” என்று நேராகக் கேட்கச் சொல்லுங்கள். கேட்கவே எரிச்சல்தான், அலைச்சலாவது மிச்சம்.