செருப்பு கழன்றதே தெரியாத காலுக்கு வெந்நீர்க் குண்டம் எதற்கு?

முட்டி வலிக்காக அப்பாவை மும்பை அருகே உள்ள வஜ்ரேஸ்வரி வெந்நீர் ஊற்றுக் குண்டத்துக்கு அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அனுப்பாதீர்கள். காரணம், கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் நீங்கள் எழுதிய வரி: "செருப்பு வழியிலேயே கழன்றுவிடுகிறது, அதுகூட அவருக்குத் தெரிவதில்லை." 63 வயது, 14 வருடச் சர்க்கரை, பென்னாகரத்திலிருந்து மும்பை வரை ரயில் பயணம். முட்டி வலியால் அப்பா படுத்துவிடுவாரோ என்று பயப்படுகிறீர்கள். நான் பயப்படுவது அவர் பாதத்தை நினைத்து.

சர்க்கரையால் மரத்துப்போன கால் சூட்டை உணராது. 60 டிகிரி நீர் 5 நொடியில் தோலை ஆழமாக வேகவைத்துவிடும். 49 டிகிரிக்கு 10 நிமிடம் போதும். அந்த வட்டாரத்துக் குண்டங்களில் சில 45 டிகிரியைத் தாண்டும். உணர்ச்சி உள்ளவர் துள்ளி எழுந்துவிடுவார். அப்பா சுகமாக உட்கார்ந்திருப்பார். மறுநாள் கொப்புளம், பிறகு புண். ரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் விரலை எடுக்கும் நிலைமைக்குப் போகும். வாளியில் வெந்நீர் ஊற்றிக் கால் வைப்பது, ஒத்தடப் பை, மத்தியான வெயிலில் தீர்த்தமலைப் படியை வெறுங்காலோடு ஏறுவது எல்லாம் இதே கணக்கில்தான் சேரும். அந்த மலையிலுள்ள ராமர் தீர்த்தத்தில் தலை நனைப்பதில் தப்பில்லை; காலையிலேயே ஏறி இறங்கிவிடட்டும்.

இன்றே இதைச் செய்யுங்கள். அப்பா கண்ணை மூடிக்கொள்ளட்டும். இரண்டு காலிலும் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை உங்கள் விரல் நுனியால் மெல்ல ஒன்றிரண்டு நொடி தொடுங்கள். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, தெரியவில்லை என்று சொன்னால் மறுபடி தொடவும் கூடாது. ஆறில் இரண்டு தெரியவில்லை என்றாலே உணர்ச்சி போயிருக்கிறது என்று அர்த்தம். ஆறும் தெரிந்தாலும் செருப்பு கழல்வது தெரியாதவரைச் சும்மா விட முடியாது. இந்த வாரமே தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். பாதத்தில் நைலான் இழை வைத்து உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பார்கள், நாடித் துடிப்பையும் பார்ப்பார்கள். வலியே இல்லாமல் ஒரு பாதம் மட்டும் திடீரென்று வீங்கிச் சிவந்து சூடாக இருந்தால் வாரம் வரை காத்திருக்காமல் அன்றைக்கே போக வேண்டும். சுளுக்கு என்று எண்ணெய் போட்டு நீவினால் உள்ளே எலும்பு நொறுங்கும்.

ஐரோப்பாவில் ராஜாக்களெல்லாம் ஊற்று நீரில் குளித்துக் குணமானார்களே என்று யூட்யூபைப் பார்த்துக் கேட்கிறீர்கள். குணமானவர்கள் உண்டு, எதனால் என்பதுதான் கேள்வி. இங்கிலாந்தின் பாத் நகரத்து ஊற்று நீர் 46 டிகிரி. ரோமானியர் காலத்திலிருந்தே குளியல் நடந்த இடம். அங்கே ஊற்று நீர் வைத்தியத்துக்கென்றே 1742-ல் ஒரு மருத்துவமனை திறந்தார்கள். ஈய நஞ்சால் கை விழுந்துபோன பெயின்டர்கள் பலர் அங்கே மாதக்கணக்கில் தங்கித் தேறினார்கள். கழுத்தளவு நீரில் உட்காரும்போது நீரின் அழுத்தம் காலில் தேங்கும் ரத்தத்தை நெஞ்சுக்குத் தள்ளுகிறது, சிறுநீர் கூடுகிறது, அதோடு ஈயமும் வெளியேறுகிறது. ஈயம் படும் வேலையும் அத்தனை நாள் நின்றிருந்தது. கிணற்று நீராக இருந்தாலும் இது நடந்திருக்கும்.

குடிப்பதற்குப் புகழ்பெற்ற செக் நாட்டு கார்ல்ஸ்பாட் ஊற்று நீரில் இருப்பது சோடியம் சல்பேட், பேதி உப்பு. பிரான்சின் விஷி ஊற்று நீரில் சோடியம் பைகார்பனேட், பி.பி. உள்ள அப்பாவுக்கு ஆகாது. அந்த விஷி ஊற்றுகள் சிலவற்றில் ஃபுளோரைடும் அதிகம். ஃபுளோரைடு பல்லையும் எலும்பையும் என்ன செய்யும் என்று தர்மபுரிக்காரர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் எந்தத் தண்ணீரும் குடிநீர் இல்லை, காய்ச்சினால் ஃபுளோரைடு இன்னும் செறியும். "நம்ம போர் தண்ணியிலும் தாது இருக்கே" என்கிறாராமே அப்பா! ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தது அந்தத் தாதுவிலிருந்து தப்பிக்கத்தான். ஆன்லைனில் வாங்கிய தாது உப்புப் பொட்டலத்தையும் தூக்கிப் போடுங்கள்.

குளத்து நீரில் மூளை தின்னும் அமீபா இருக்குமா என்றும் கேட்கிறீர்கள். பாத் குளத்தில் 1978-ல் குளித்த ஒரு சிறுமி அதனால் இறந்தது உண்மை. அது மூக்கு வழியாகத்தான் ஏறும். நோய் அபூர்வம், அப்பா போகப் போவதுமில்லை, விடுங்கள். 

முட்டிக்கு வெதுவெதுப்பான நீர் இதம் தரும், அதுவும் கொஞ்ச நாளைக்கு. 38 டிகிரி, 15 நிமிடம் போதும். சூட்டை அவர் பார்க்க வேண்டாம், நீங்கள் முழங்கையை விட்டுப் பாருங்கள். அதைவிடப் பலன் தருவது தொடைத் தசை. நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி 5 நொடி நிறுத்தட்டும். காலுக்கு 10 தடவை, காலை மாலை. ராத்திரி படுக்கும் முன் உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் நீங்கள் பாருங்கள். அவருக்கு எம்.சி.ஆர். எனும் மெத்தென்ற ரப்பர் செருப்பு வாங்குங்கள், பின்பக்கம் வார் வைத்தது.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டு தினம் போடும் வலி மாத்திரையை இன்றோடு நிறுத்துங்கள். சர்க்கரைக்காரரின் கிட்னியை அது அரிக்கக்கூடும். மருத்துவமனையில் கிட்னி நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் சிறுநீரில் ஆல்புமினும் பார்க்கச் சொல்லி, அந்த மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துப்போய்க் காட்டுங்கள்.