முருங்கைத் தூளும் விற்றமின் குளிசையும் வெளிநாட்டுக்கு: திருகோணமலையிலிருந்து கேள்வி பதில்

ஏற்றுமதிப் பத்திரம், லேபல் வேலை தெரிந்த அக்காவிடம் மாவட்டத்தின் சிறு உற்பத்தியாளர்கள் கேட்டவையும் அவர் சொன்னவையும். கேட்டவர்கள் ஊர்ப்பெயரால் குறிக்கப்படுகிறார்கள்.

உப்புவெளி: அக்கா, முருங்கை இலைத் தூளைக் கப்சூலில் அடைச்சு அமெரிக்காவுக்கு அனுப்பப் போறம். எஃப்.டி.ஏ. அனுமதி எடுக்க எவ்வளவு நாள் செல்லும்?

பதில்: எடுக்க அப்படியொரு அனுமதியே இல்லை. 1994ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டத்தின்படி சப்ளிமென்ட் (உணவோடு மேலதிகமாக எடுக்கிற சத்துக் குளிசை, கப்சூல், தூள்) எதையும் எஃப்.டி.ஏ., அதாவது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், முன்கூட்டி அங்கீகரிப்பதில்லை. பதிய வேண்டியது நீங்கள் அடைக்கிற இடத்தை. அதற்குக் கட்டணம் இல்லை. அமெரிக்காவில் இருக்கிற ஒரு முகவர் வேண்டும். இரட்டை எண் ஆண்டுகளில் ஒக்டோபர் 1 முதல் டிசெம்பர் 31க்குள் புதுப்பிக்காவிட்டால் பதிவு போய்விடும். பதிவுக்குச் சான்றிதழ் என்று எஃப்.டி.ஏ. ஒன்றும் கொடுப்பதில்லை. யாராவது முத்திரையோடு ஒன்றை நீட்டினால் அது அவர் தானே அச்சடித்தது. காசு கொடுக்காதீர்கள்.

அதைவிட முக்கியமானது, அங்கே உங்கள் இறக்குமதியாளர் யார் என்பது. வெளிநாட்டு வழங்குநரைச் சரிபார்க்கும் பொறுப்பை அமெரிக்கச் சட்டம் அவர் தலையில்தான் வைக்கிறது. நீங்கள் விதிப்படி உற்பத்தி செய்கிறீர்கள் என்று சரிபார்த்ததற்கு அவர் கோப்பு வைத்திருக்க வேண்டும். அவருடைய பெயர், மின்னஞ்சல், நிறுவனத்தை அடையாளம் காட்டும் டன்ஸ் இலக்கம் மூன்றும் சுங்கப் பதிவில் ஏறும். இதற்குச் சம்மதித்து ஒருவர் கையெழுத்து வைக்கும்வரை போத்தல்கூட வாங்க வேண்டாம்.

உங்கள் பக்கம் பின்பற்ற வேண்டியது சப்ளிமென்ட் உற்பத்திக்கான எஃப்.டி.ஏ. விதி, 111ஆம் பகுதி. வந்த இலை முருங்கைதான் என்று சோதனையால் நிறுவ வேண்டும். ஒவ்வொரு தொகுதிக்கும் தனிப் பதிவேடு வேண்டும். நம் துறைமுகத்தில் கோதுமை, சீமெந்து மாதிரி மொத்தச் சரக்குத்தான் இறங்கும், ஏறும். உங்கள் கொன்டெய்னர் லொறியில் கொழும்புக்குப் போக வேண்டும். சரக்கு வருகிறது என்று எஃப்.டி.ஏ.வுக்குக் கொடுக்கும் முன்னறிவித்தல், சரக்கு கப்பலில் போனால் அங்கே சேர 8 மணித்தியாலத்துக்கு முன்பும், விமானத்தில் போனால் 4 மணித்தியாலத்துக்கு முன்பும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

நிலாவெளி: மாரியில காயவைக்கிற இலை கறுத்துப் போகுது. வேற என்ன பழுதாகும்?

பதில்: கறுப்பு கண்ணுக்குத் தெரியும், ஆபத்து தெரியாததில்தான். வயிற்றோட்டமும் காய்ச்சலும் தரும் சால்மோனெல்லா என்ற கிருமி உலர்ந்த தூளில் பெருகாது, ஆனால் மாதக்கணக்காக உயிரோடு கிடக்கும். 2025இல் அமெரிக்காவில் முருங்கைத் தூளால் அந்தத் தொற்று பரவி, பொருட்களைத் திரும்ப எடுத்தார்கள். ஆகவே கார்த்திகை, மார்கழியில் முற்றத்தில் பாய் விரிக்கிற கதை வேண்டாம். குளோரின் நீரில் கழுவி, உலர்த்தும் பெட்டியில் சூடான காற்றோட்டத்தில் காயவைத்து, நீர்ச் செயற்பாட்டை (கிருமிகள் பயன்படுத்தக்கூடிய நீரின் அளவு, 0 முதல் 1 வரை) 0.6க்குக் கீழே கொண்டு வாருங்கள். அது பூஞ்சணத்தை நிறுத்தும், சால்மோனெல்லாவைக் கொல்லாது. கொல்ல நீராவிப் பதப்படுத்தல் வேண்டும். பிறகு 25 கிராம் மாதிரியில் சால்மோனெல்லா இல்லை என்ற அறிக்கை, தொகுதிக்குத் தொகுதி. போன வருட அறிக்கையை இந்த வருடத் தூளோடு அனுப்புவது ஏமாற்று.

எத்திலீன் ஒட்சைட் என்ற கிருமி கொல்லும் வாயுவால் பதப்படுத்தித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், சரக்கு எங்கே போகிறது என்று முதலில் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் உணவுக்கு அது தடை. 2020இல் இந்திய எள்ளில் அந்த எச்சம் கண்டுபிடிக்கப்பட்டு எத்தனையோ பொருட்கள் கடைகளிலிருந்து திரும்பின.

ஈயத்தையும் சோதியுங்கள். ஐரோப்பாவில் சப்ளிமென்ட்டுக்கு எல்லை கிலோவுக்கு 3 மி.கி. கலிபோர்னியாவில் கணக்கு வேறு: நாளொன்றுக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் உடலில் சேர்ந்தால் எச்சரிக்கை வாசகம் வேண்டும், 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்கிற நிறுவனம் விற்றால். கிலோவுக்கு 0.1 மி.கி. ஈயமுள்ள தூளை ஒருவர் நாளுக்கு 6 கிராம் எடுத்தால் 0.6 மைக்ரோகிராம். ஐரோப்பாவில் தாராளமாகத் தேறுகிற தூள் அங்கே எச்சரிக்கையோடுதான் விற்கலாம்.

மூதூர்: கனடாவுக்கும் இதே முறைதானா?

பதில்: இல்லை. அங்கே 2004 முதல் முன் அனுமதி கட்டாயம்: பொருளுக்கு என்.பி.என். என்ற எட்டு இலக்க அனுமதி எண், இறக்குமதியாளருக்கு அவருடைய இடத்துக்கான உரிமம், அந்த உரிமத்தில் உங்கள் தொழிற்சாலையின் பெயர். லேபல் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும். ரொறன்ரோவில் இருக்கிற மருமகன் உரிமம் எடுக்கத் தயாரா என்று முதலில் கேளுங்கள்.

கிண்ணியா: வெள்ளைக் கப்சூல் வாங்கலாமா? ஹலாலும் பார்க்கணும்.

பதில்: தாவரக் கப்சூல் வாங்குங்கள், நிறமில்லாததாக. ஜெலற்றின் என்றால் எந்த மிருகம், எந்த நாடு என்று பத்திரம் தேட வேண்டும். வெள்ளை நிறத்துக்குப் போடும் தைத்தானியம் டயொக்சைட் ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 முதல் உணவில் தடை.

தம்பலகாமம்: எஃப்.டி.ஏ. சான்றிதழுக்கு ஒருவர் ஒன்றரை இலட்சம் கேட்கிறார், சரியா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். கொடுக்காதீர்கள்.

சம்பூர்: எங்கட லேபலில தமிழில மட்டும் "சீனி வருத்தத்தைக் குறைக்கும்" எண்டு போட்டிருக்கிறம். அங்க ஆர் அதை வாசிக்கப் போகினம்?

பதில்: வாசிப்பார்கள். அமெரிக்க லேபலில் வேற்று மொழியில் ஒரு விளக்கம் வந்தாலே, சட்டம் கேட்கிற எல்லா விபரமும் அந்த மொழியிலும் வர வேண்டும். அந்த வரியோ இன்னும் மோசம். நோயைக் குறைக்கும் என்று எழுதினால் பொருள் சட்டப்படி மருந்தாகிவிடும். அங்கீகாரம் இல்லாத மருந்து.

சம்பூர்: அப்ப லேபலில எடுத்துப்போட்டு பேஸ்புக்கில மட்டும் போடலாம்தானே?

பதில்: முடியாது. என்ன நோக்கத்தில் விற்கிறீர்கள் என்பதை இணையப் பக்கத்தையும் வைத்துத்தான் தீர்மானிப்பார்கள். வாங்கியவர் எழுதிய "எனக்குச் சீனி இறங்கினது" என்ற வரியை நீங்கள் எடுத்துப் பகிர்ந்தாலும் அது உங்கள் கூற்றுத்தான்.

உப்புவெளி: அக்கா, அதில பொய் இல்லையே. அம்மம்மா காலத்திலயிருந்து சாப்பிடுறம்.

பதில்: சுண்டலாகச் சாப்பிடுங்கள், நல்ல உணவு. கப்சூலில் அடைத்து நோயின் பெயரைப் போட்டு விற்பது வேறு. அதை நம்பி ஒருவர் மெற்போமினையோ இன்சுலினையோ நிறுத்தினால் காலைக்கூட இழக்க நேரலாம். விதியே இல்லாவிட்டாலும் அதை எழுதக்கூடாது.

சம்பூர்: அப்ப ஒண்டுமே எழுதேலாதா?

பதில்: எழுதலாம். அமெரிக்காவில் "ஏற்கனவே சாதாரண அளவில் உள்ள இரத்தச் சீனியைப் பேண உதவும்" என்கிற மாதிரி. ஆதாரம் கையில் இருக்க வேண்டும், எஃப்.டி.ஏ. மதிப்பிடவில்லை என்ற வாசகம் வேண்டும், விற்கத் தொடங்கி 30 நாளுக்குள் அறிவிக்க வேண்டும். ஐரோப்பாவில் விற்றமினுக்கு அனுமதித்த வாசகங்களின் பட்டியலே உண்டு. விற்றமின் சி நோயெதிர்ப்புத் தொகுதியின் இயல்பான செயற்பாட்டுக்கு உதவும் என்று போட, நாள் அளவில், லேபலுக்கான ஐரோப்பிய மேற்கோள் அளவான 80 மி.கி.யின் 15 வீதமான 12 மி.கி.யாவது இருக்க வேண்டும். நோயின் பெயரைப் பற்றி இன்னும் கேட்டால் பதில் இதேதான்.

தம்பலகாமம்: இரும்புச்சத்துக் குளிசைக்கு?

பதில்: அமெரிக்காவில், 6 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் தவறுதலாக அதிகம் விழுங்கினால் உயிராபத்து என்ற எச்சரிக்கை கட்டாயம். அதைச் சின்ன எழுத்தில் போட வேண்டாம்.

நிலாவெளி: தங்கச்சிக்கு அமெரிக்காவுக்கு ஐந்து கிலோ தபாலில அனுப்பி, அவ வித்தால்?

பதில்: விற்றால் இறக்குமதியாளர் அவதான், கோப்பும் அவதான் வைத்திருக்க வேண்டும். 800 டொலர்வரை வரியில்லை என்பது 2025 ஓகஸ்ட் 29உடன் நின்றுவிட்டது. முன்னறிவித்தலைத் தபாலில் போடுவதற்கு முன்பே செய்து, உறுதி இலக்கத்தைப் பொதியின் சுங்கப் படிவத்தில் எழுதுங்கள்.