சொல்லித் தராமலே குழந்தை அடிக்கக் கற்றுக்கொள்வது எப்படி?

பார்த்தே கற்றுக்கொள்கிறது. 1961-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா குழுவினர் 72 மழலையரை வைத்துச் சோதித்தார்கள். பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையைச் சுத்தியலால் அடித்து, அதன்மேல் உட்கார்ந்து மூக்கில் குத்துவதைச் சில குழந்தைகள் பார்த்தார்கள். பின்னர் அவர்களில் பலர் அதே அடியை, அதே குத்தைச் செய்தார்கள்; அவர் சொன்ன சொற்களைக்கூட அப்படியே சொன்னார்கள்.

பண்டூரா 1965-இல் வெளியிட்ட சோதனைதான் என்னைப் பொறுத்தவரை முக்கியமானது. அடித்தவர் தண்டனை பெறுவதைப் படத்தில் பார்த்த குழந்தைகள் குறைவாகவே அடித்தார்கள். ஆனால் செய்து காட்டினால் பரிசு என்றதும் தண்டனையைப் பார்க்காத குழந்தைகளுக்குச் சமமாகச் செய்து காட்டினார்கள்! தண்டனை செயலைத்தான் அடக்கியது; கற்றது உள்ளேயே இருந்தது.

பொம்மைக்காகத் தம்பியை அடித்த பிள்ளையை, "அடிக்காதே" என்று சொல்லிக்கொண்டே அடிக்காதீர்கள். கை ஓங்குவதை இன்னொரு முறை செய்து காட்டுகிறீர்கள். ஓங்கிய கையைப் பிடித்து நிறுத்தி, குரலை உயர்த்தாமல், "எனக்கும் கொடு" என்று அங்கேயே கேட்க வையுங்கள்.