குளத்தில் நிற்பதும் மறுகால் பள்ளத்தில் நிற்பதும் ஒரே காட்டு நெல்லா?

கேள்வி: சேரன்மகாதேவி பக்கம் குளத்துப் பாசனத்தில் நெல் வைக்கிறேன். குளத்துக்குள்ளே ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து தண்ணீரில் சாய்ந்து படரும் ஒரு நெல் நிற்கிறது. மறுகாலுக்கு (குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழியும் இடம்) கீழே உள்ள பள்ளத்தில் இடுப்பளவுகூட இல்லாத இன்னொன்று, மணி நுனியில் நீள வாலோடு. இப்போது அம்பை 16 ரக நெல் நட்ட வயலிலும் வால் நெல் தலைகாட்டுகிறது. மூன்றும் ஒன்றுதானா? குளத்து நெல்லை மருந்தடித்து அழித்துவிடலாமா?

பதில்: அண்ணாச்சி, குளத்தில் மருந்தடிக்கவே வேண்டாம். மீனும் மாடும் புழங்கும் தண்ணீர் அது. உங்கள் வயல் தொல்லை அங்கிருந்து வந்திருக்கவும் வாய்ப்பு குறைவு.

நீங்கள் சொல்லும் அடையாளப்படி குளத்தில் நிற்பது பல ஆண்டு வாழும் காட்டு நெல், ஒரைசா ரூஃபிபோகன். தண்ணீர் ஏற ஏறத் தண்டு நீளும். சாய்ந்த தண்டின் கணுக்களில் வேர் இறங்கி, அங்கேயே புதுத் தூர் கிளம்பும். விதையை மட்டும் நம்பி வாழும் செடி இல்லை என்பதால் கதிரில் மணி குறைவாகத்தான் பிடிக்கும். பள்ளத்தில் இருப்பது பெரும்பாலும் ஒரைசா நிவாரா. மழைக்கு நிரம்பி, கோடையில் வெடித்துக் காயும் இடத்தில் வாழும் ஓராண்டுச் செடி. ஈரம் போவதற்குள் பூத்து விதைத்தாக வேண்டும். அதனால்தான் குட்டையாக நின்று, நிறைய மணி பிடித்து, பழுக்கப் பழுக்க உதிர்த்துவிடுகிறது. 1965-இல் சர்மா, சாஸ்திரி என்ற நம் நாட்டு விஞ்ஞானிகள் இதைத் தனி இனமாகப் பெயரிட்டார்கள். இரண்டும் ஒன்றோடொன்று கலக்கும், இடைப்பட்ட செடிகளும் உண்டு. ஆகவே ஒரே இனத்தின் இரண்டு வடிவம் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

உயரத்தை மட்டும் பார்த்து முடிவு கட்டிவிடாதீர்கள். ஒரே செடியின் விதை ஆழத்தில் விழுந்தால் ஒரு மாதிரியும் கரையில் விழுந்தால் ஒரு மாதிரியும் வளரும். பூவைப் பாருங்கள். காலை ஒன்பது, பத்து மணி வாக்கில் உமி விரியும்போது ஆறு மகரந்தப் பைகள் வெளியே தொங்கும். ஒன்றைக் கிள்ளி ஸ்கேல் மேல் வையுங்கள். குளத்துச் செடியில் பெரும்பாலும் 4 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருக்கும், பள்ளத்துச் செடியில் 2.5 மி.மீ.க்குள் அடங்கிவிடும். முன்னது அடுத்த செடியோடு மகரந்தம் மாற்றிக்கொள்ளும், பின்னது பெரும்பாலும் தன் பூவிலேயே கருவுறும். இன்னும் உறுதி வேண்டுமென்றால் இரண்டின் விதையையும் எடுத்து, அடுத்தடுத்த தொட்டிகளில் ஒரே மண், ஒரே தண்ணீர் அளவில் வளருங்கள். அங்கேயும் வேறுபட்டு நின்றால் அது பிறவிக் குணம். ஒன்றுபோல ஆகிவிட்டால் நீங்கள் பார்த்தது தண்ணீர் செய்த வேலை.

சரி, வயலுக்கு வருவோம். அங்கே நிற்பது களை நெல்லாக இருக்கலாம். பயிரைவிட உயர்ந்து, வெளிறிய பச்சையில் தூர் விரிந்து நிற்கும். பெரும்பாலும் உமியை உரித்தால் அரிசி சிவப்பாக இருக்கும். இது வந்து சேரும் முக்கிய வழிகள் இரண்டு: கலப்பு விதை, ஊர் ஊராகப் போகும் அறுவடை மெஷின். மெஷினை உங்கள் வயலில் இறக்கும் முன் நின்று சுத்தம் செய்யச் சொல்லுங்கள், கூச்சப்பட வேண்டாம். பள்ளத்து நெல்லின் விதை தண்ணீரோடு ஒட்டிய வயலுக்குள் வரக்கூடும், ஆகவே அந்த மடை ஓரத்தை மட்டும் கவனியுங்கள். குளத்து நெல்லின் மகரந்தத்துக்குப் பயப்பட வேண்டாம். நெல் மகரந்தம் சில நிமிஷங்களே உயிரோடு இருக்கும். அதோடு அந்தச் செடி பகல் குறுகும் காலத்தில் பூப்பது, ஆகஸ்ட் வாக்கில் பூக்கும் கார் பருவப் பயிரைச் சந்திக்க வழியில்லை.

களை நெல்லும் நெல்தான். அதனால் சாதாரண நெல் களைக்கொல்லியில் அதை மட்டும் பிரித்துக் கொல்ல முடியாது. நடவுக்கு முன்னால் தண்ணீர் பாய்ச்சி முளைக்க விட்டு, தொளி உழவில் (சேற்று உழவு) மடக்குங்கள். முடிந்தால் இரண்டு முறை செய்யுங்கள். நேரடி விதைப்பை இரண்டு போகத்துக்காவது விட்டுவிட்டு வரிசை நடவு செய்யுங்கள். வரிசைக்கு நடுவே முளைப்பது கண்ணில் படும். பிசானப் பருவ நெல்லுக்குப் பிறகு உளுந்து போட்டால், அதில் புல் களைக்கு அடிக்கும் மருந்து இதையும் கொல்லும். எஞ்சியதைப் பால் பிடிக்கும் முன்பே பிடுங்கி மாட்டுக்குப் போடுங்கள். முற்றிய பிறகு கை வைத்தால் மணி உதிரும், உதிர்ந்தது மண்ணுக்குள் பல வருஷம் உறங்கும்.

காட்டு நெல்லைக் காக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. புகையான் பூச்சி பரப்பும் புல் குட்டை நோய் ஆசியாவையே வாட்டியபோது, பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஆயிரக்கணக்கான ரகங்களைச் சோதித்தது. நல்ல எதிர்ப்பு கிடைத்தது உத்தரப் பிரதேசத்திலிருந்து போன ஒரு நிவாரா விதைத் தொகுப்பில். அதிலும் எல்லாச் செடியும் தாங்கவில்லை, சில செடிகள்தான். அந்தக் குணத்தோடு 1976-இல் வந்த நெல் ரகம்தான் ஐஆர் 36. ஒரே குளத்துச் செடிகளுக்குள்கூட வித்தியாசம் இருக்கிறது என்பதால் ஒரு கதிரோடு நிறுத்தாமல் தள்ளித் தள்ளி நிற்கும் பல செடிகளில் விதை எடுக்க வேண்டும். பூத்த பத்து நாளில் கதிருக்கு மெல்லிய துணிப்பை கட்டுங்கள், உதிர்வது பைக்குள் விழும். குளம், பள்ளம், வயல் மூன்றுக்கும் தனித்தனிப் பை. எங்கே, எவ்வளவு ஆழத்தில் நின்றது என்று சீட்டு எழுதி, அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் காட்டுங்கள்.