ஆளில்லாத் தீவில் இறங்கி நடக்க விடுவார்களா?

கொழும்பில் இருந்து, தென் அத்திலாந்திக் கடலில் உள்ள தென் ஜோர்ஜியா தீவுக்குப் பயணம் போகத் தயாராகும் நீங்கள், கப்பலை விட்டு இறங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இறங்கலாம், காற்று விட்டால். கரைக்குப் போவது ரப்பர் படகில். பெரும்பாலான இடங்களில் ஒரே நேரத்தில் 100 பேருக்கு மேல் விடமாட்டார்கள்.

அதைவிடச் சப்பாத்துச் சோதனைதான் பெரிய பாடு. வெல்க்ரோவில் சிக்கிய புல்விதை, பொக்கெட் மூலையில் ஒட்டிய மண் எல்லாவற்றையும் கிளறி எடுக்க வேண்டும். காலிமுகத்திடல் புல்லில் நடந்த சப்பாத்தா? வீட்டிலேயே தேய்த்துக் கழுவிவிடுங்கள். சும்மா கெடுபிடி இல்லை இது: வெளியில் இருந்து வரும் விதையோ உயிரினமோ தீவைக் கெடுத்துவிடும். முன்பு கப்பல்களில் வந்த எலிகள் அங்கே பறவைக் குஞ்சுகளைத் தின்று தீர்த்தன. விஷம் போட்டு ஒழித்து, 2018இல்தான் எலியற்ற தீவு என்று அறிவித்தார்கள்.

அப்புறம், கப்பல் பெரும்பாலும் ஆர்ஜென்டினாவின் உஷுவாயாவில் இருந்துதான் கிளம்பும். கட்டுநாயக்காவில் ஏறி அங்கே போய்ச் சேரவே இரண்டு நாள் பிடிக்கலாம்.